ரூமுக்கு நாலு பிள்ளைதான்

"ஊக்கு இருக்கா?"

அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு இதுதான். பெயர் கேட்கவில்லை. பிள்ளை ஆணா பெண்ணா என்றும் கேட்கவில்லை. நான் ஐந்து மாதப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நின்றேன். அவர் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்.

"இருக்கு. இடுப்புத் துணில குத்தியிருக்கேன்."

"கழட்டு."

கழற்றிக் கொடுத்தேன். அதை ஒரு தகர டப்பாவில், இல்லை, தகரம் இல்லை, பிளாஸ்டிக் டப்பாவில் போட்டார். அதற்குள் ஏற்கெனவே ஊக்கும் ஹேர்பின்னுமாகக் கிடந்தன.

"சாயந்திரம் வாங்கிக்கோ. நாளையிலிருந்து நாடா வச்சுத் தைச்சுக் கொண்டா. இரும்பு ஆகாது."

இரும்பு ஆகாது என்பது எனக்கும் தெரியும். பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கிற எல்லாருக்கும் தெரியும். பட்டாசுக்குள் போகிற பொடியை நாங்கள் மருந்து என்போம். மருந்து இருக்கிற ரூமில் இரும்பு உரசினால் பொறி வரும். ஆனால் இது மருந்து ரூம் இல்லை. வேலைக்கு வருகிற பொம்பளைகள் பிள்ளையை விட்டுவிட்டுப் போகிற ரூம். மருந்து ரூம்களுக்கும் இதற்கும் நடுவில் ஒரு பொட்டலே கிடந்தது. இங்கே ஊக்கு என்ன செய்யும்? கேட்டேன்.

"ரூலுன்னா ரூலு" என்றார். பிள்ளையை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அவரை எல்லாரும் ஆயாம்மா என்றுதான் கூப்பிட்டோம். எம். புதுப்பட்டிப் பக்கம் ஏதோ ஊர். ஆள் ஒல்லி. முழங்கால் வளையாது. இங்கே வருவதற்கு முன்னால் இருபது வருசத்துக்கு மேல் மருந்து செலுத்துகிற ரூமில் இருந்தவர். முழங்கால் போன பிறகு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி இங்கே மாற்றினார்கள். அவர் இருந்த ரூமில் ஒரு பொறி விழுந்ததில்லை என்று மற்றவர்கள் சொல்வார்கள். அவர் சொல்லிக் கேட்டதில்லை.

அவருக்குப் படிக்கத் தெரியாது. மருந்து ரூமில் என்னென்ன செய்யக்கூடாது என்று சுவரில் எழுதியிருப்பதைப் போர்மேன் தினமும் காலையில் சத்தமாகச் சொல்லுவார். அதைக் கேட்டுக் கேட்டு மனப்பாடம். அங்கிருந்து இங்கே வரும்போது அத்தனையையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். ஒன்றை விடவில்லை.

பிள்ளையை ஒரு கையால் தூக்கமாட்டார். இரண்டு கையாலும் அடியில் ஏந்தி, மெதுவாக எடுத்து, மெதுவாக வைப்பார். தவழ்கிற பிள்ளைகள் இரண்டு ஒன்றோடொன்று ஒட்டினால், "உரசாத, உரசாத" என்று பிரித்து உட்காரவைப்பார். தகப்பன்மார் யாராவது கம்பெனி கேட்டுப் பக்கம் வந்து பிள்ளையை மேலே தூக்கிப் போட்டுப் பிடித்தால் சத்தம் போடுவார். "கீழ போட்டா உனக்குத் தெரியும்."

என்னோடு பட்டாசுச் சரம் பின்னுகிற ஒருத்தி இருந்தாள். வாய் சும்மா இருக்காது. என்னிடம் கேட்பாள், "ஏ, நீ உன் மகனைத் திரி வச்சாப் பெத்த? அந்தம்மா அம்புட்டுப் பதனமாத் தூக்குது?"

எல்லாரும் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் அங்கே என் பிள்ளை ஐந்தாவது பிள்ளை.

மருந்து செலுத்துகிற ரூமில் நாலு பேருக்கு மேல் இருக்கக்கூடாது. அது ரூல். ஆயாம்மா அதையும் கொண்டுவந்திருந்தார். பிள்ளை ரூமில் நாலு பிள்ளைதான். கடைசியாகச் சேர்ந்தது என் மகன். அவனுக்கு வராண்டாவில் தூணுக்கும் ஜன்னல் கம்பிக்கும் குறுக்கே கயிறு கட்டித் தொட்டில். ரூம் பெரிய ரூம். பத்துப் பிள்ளை படுக்கலாம்.

"உள்ள எடம் கெடக்குல்ல ஆயாம்மா. அவனை மட்டும் ஏன் வெளிய போட்டிருக்கீக?"

"ரூமுக்கு நாலுதான்."

"அது பெரிய ஆளுகளுக்கு."

"பெரிய ஆளு ஓடிருவான். இதுக ஓடுமா?"

அவர் வாசல்படியில் உட்கார்ந்துகொள்வார். கண் உள்ளே, கை தொட்டில் கயிற்றில். சாப்பிடுவதும் அங்கேதான். எனக்கு அது போதவில்லை. மற்ற நாலில் ஒன்று வராவிட்டால் என் மகன் உள்ளே போவான். அதனால் காலையில் வேனில் ஏறியதும் மற்ற பிள்ளைகள் முகத்தைப் பார்ப்பேன். யாருக்காவது காய்ச்சலா, யாராவது வரவில்லையா என்று. அப்படி நினைக்க வைத்தாரே என்று அவர் மேல் இன்னும் கோபம்.

ஊக்கையும் வராண்டாவையும் பொறுத்துக்கொண்டேன். துணிதான் என்னை அழ வைத்தது.

வீட்டுக்காரர் லோடு லாரி ஓட்டினார். வடக்கே போனால் பதினைந்து நாள். மாமியார் காரியாபட்டியில். காட்டையும் மாட்டையும் விட்டு வரமுடியாது. அதனால் எல்லாம் நான்தான். வீட்டுக்காரருடைய பழைய வேட்டி நான்கைக் கிழித்துப் பதினாறு துணி தைத்திருந்தேன். ஓரத்தில் நாடா. பதினாறும் காலையில் பையில் போகும். பதினாறும் சாயந்திரம் மூட்டையாகத் திரும்பி வரும். ஒன்றுகூட மிஞ்சாது. துணி நனைந்து ஒரு நிமிசம் பிள்ளை கிடக்கக்கூடாது ஆயாம்மாவுக்கு. ஈரம் பட்டதும் உருவிவிடுவார். பீயைத் தட்டிவிட்டு, தனியாகச் சுருட்டி மூட்டை கட்டித் தருவார். துவைக்கமாட்டார்.

"பிள்ளையப் பாக்கவா, துணியப் பாக்கவா?" என்பார்.

ஆறரைக்கு வேன் இறக்கிவிடும். எங்கள் தெருவில் நல்ல தண்ணி எட்டு நாளைக்கு ஒரு தடவை வரும். மற்றபடி போர் தண்ணி. உப்பு. அதில் சோப்பு நுரைக்காது. முதலில் போர் தண்ணியில் அலசி, சோப்புப் போட்டுத் தேய்த்து, வெந்நீரில் முக்கி எடுத்து, மறுபடி அலசிப் போடுவேன். காலையில் துணி அப்பளம் மாதிரி விறைத்து நிற்கும். அதை மடித்துக் கொண்டுபோனால் ஆயாம்மா ஒவ்வொன்றாக எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துத் தேய்த்துப் பார்ப்பார்.

"சொரசொரன்னு இருக்கு."

"உப்புத் தண்ணி. நான் என்ன செய்ய?"

"கடைசி அலசு நல்ல தண்ணில அலசு."

"குடிக்கவே இல்ல ஆயாம்மா."

"ரெண்டு செம்புதான. குடிக்கிறதக் குறை."

குறைத்தேன். இதைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். அவருடைய கன்னத்துக்காக நான் தண்ணி குடிப்பதைக் குறைத்தேன்.

ஒரு தடவை வீட்டுக்காரர் வரும்போது டயபர் பாக்கெட் வாங்கிக்கொண்டு வந்தார். பெரிய பாக்கெட். நான் படுகிற பாட்டைப் பார்த்துவிட்டு அவராக வாங்கியது. கல்யாணம் ஆனதிலிருந்து எனக்கு வாங்கித் தந்ததில் அதைப் போல எதற்கும் நான் சந்தோசப்படவில்லை. மறுநாள் துணிப் பையை வீட்டிலேயே வைத்துவிட்டு, டயபரோடு போனேன்.

"இது என்னது?"

"டயபர். ஒன்னு மாட்டினா நாலஞ்சு மணி நேரம் தாங்கும். உங்களுக்கும் வேலை மிச்சம்."

ஒன்றை வாங்கி விரலுக்கு நடுவில் வைத்து உரசினார். காதுக்குப் பக்கத்தில் வைத்துக் கசக்கினார். சரசரவென்றது.

"நைலான்."

"பஞ்சு ஆயாம்மா. உள்ள பூராம் பஞ்சு."

"மேல?"

நான் பாக்கெட்டைப் பைக்குள் தள்ளினேன்.

"மேல நைலான். நைலான் உரசினா பொறி வரும். உள்ள விடமாட்டேன்."

கம்பெனிக்கு நூல் சேலைதான் கட்டி வரவேண்டும். நைலான் சேலை கட்டி வந்தால் கேட்டிலேயே திருப்பிவிடுவார்கள். அது சரி. அந்த ரூலை இவர் என் பிள்ளை இடுப்பில் கொண்டுவந்து வைக்கிறார்.

"பிள்ள மூத்திரத்துல எங்கன பொறி வரும்?" என்று கத்தினேன்.

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. நான் விடவில்லை. போர்மேன் அண்ணாச்சியைக் கூட்டிவந்தேன். அவர் விசயத்தைக் கேட்டதும் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"ஆயாம்மா, அது மருந்து ரூம் ஆளுகளுக்குச் சொன்னது."

"கம்பெனிக்குள்ள நைலான் கூடாதுன்னு சொன்னீகளா, மருந்து ரூமுக்குள்ள மட்டும் கூடாதுன்னு சொன்னீகளா?"

"கம்பெனிக்குள்ளன்னுதான்…"

"இது கம்பெனியா, இல்லையா?"

அண்ணாச்சி தலையைச் சொறிந்தார். "நீங்க ரெண்டு பேருமே பேசிக்கிடுங்க" என்று போய்விட்டார். அன்றைக்கு என் முந்தானையில் பாதியைக் கிழித்து ஆயாம்மாவே நாலு துணி செய்துகொண்டார். டயபர் பாக்கெட் வீட்டில் பரணில் ஏறியது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒன்று எடுத்து மாட்டுவேன்.

தீபாவளிக்கு முந்தின மாதம் மழை பிடித்தது. எங்கள் பக்கம் வருசம் பூராவும் காயும். சீசன் நேரத்தில் மட்டும் பெய்யும். வீடு ஒரே அறை. குறுக்கும் நெடுக்கும் கொடி கட்டி, ஃபேனைப் போட்டுப் பார்த்தேன். கரண்டு நின்றது. பதினாறில் ஆறுகூடக் காயவில்லை. பின்னால் சாய்ப்பில் விறகடுப்பு இருந்தது. அதைப் பற்றவைத்து, மேலே கம்பு கட்டி, ஒவ்வொரு துணியாகப் பிடித்துக் காயவைத்தேன். எல்லாம் காய்ந்தது. எனக்கே பெருமையாக இருந்தது.

ஆயாம்மா துணியைக் கன்னத்துக்குக் கொண்டுபோகவில்லை. பாதியிலேயே நிறுத்தினார். முகர்ந்தார்.

"தீ வாசம் வருது."

"அடுப்புல காயப்போட்டேன். வெயில் இல்லல்ல."

"தீ வாசத்தோட ஒன்னும் உள்ள வரக்கூடாது."

"ஆயாம்மா, உங்க கால்ல விழுறேன். இன்னைக்கு ஒருநாள்."

"போயிட்டு வா தாயி."

வேன் போய்விட்டது. பிள்ளையை முந்தானைக்குள் மூடிக்கொண்டு தூறலில் வீட்டுக்கு நடந்தேன். மறுநாளும் துணி காயவில்லை. மறுநாளும் திருப்பி அனுப்பினார். கேட்டில் போர்மேன் அண்ணாச்சி என்னை நிறுத்தினார்.

"ஆர்டர் கழுத்தைப் பிடிக்குது. இன்னும் ஒரு நாள் நீ வரலைன்னா உன் எடத்துல வேற ஆளைப் போட்டுருவேன். பெறகு என்னையக் குத்தம் சொல்லக்கூடாது."

"நான் வராமலா அண்ணாச்சி இருக்கேன்? வந்துட்டுத்தான போறேன்."

"அது எனக்குத் தெரியும். மொதலாளிக்குத் தெரியணுமே."

சீசனில் இடம் போனால் அடுத்த சித்திரை வரைக்கும் வேலை கிடையாது. மூன்றாம் நாள் என்னிடம் மிச்சமிருந்த நல்ல நூல் சேலையைக் கிழித்தேன். புதுத் துணி, ஈரமில்லாத துணி, வாசமில்லாத துணி. ஆயாம்மா கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "இப்படிக் கொண்டுவா" என்றார். அந்தச் சேலை எங்கம்மா எனக்கு எடுத்துக் கொடுத்தது. அவர் கேட்கவில்லை. நான் சொல்லவும் இல்லை.

அன்றைக்குத்தான் ஆபீசர் வந்தார். அரசாங்கத்திலிருந்து சீசனில் வந்து பார்ப்பார்கள். மேனேஜர் கூடவே குடை பிடித்துக்கொண்டு வந்தார். பதினொரு மணி, பால் கொடுக்கிற நேரம். தாய்மார் அஞ்சு பேரும் அங்கே இருந்தோம்.

"குழந்தைகளை நல்லா பார்த்துக்கிறாங்களாம்மா?" என்று ஆபீசர் கேட்டார்.

நாலு பேர் பேசவில்லை. நான் பேசினேன். நான் அவ்வளவு பேசுகிற ஆள் இல்லை. அன்றைக்கு நிற்கவில்லை. ஊக்கு, வராண்டா, டயபர், அடுப்புப் புகை எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல ஆபீசர் முகத்தில் சிரிப்பு வந்தது. அதைப் பார்த்ததும் நானும் சிரிக்கச் சிரிக்கச் சொன்னேன். ஆயாம்மா டயபரைக் காதில் வைத்துக் கேட்டதை நடித்தே காட்டினேன்.

ஆபீசர் அவர் பக்கம் திரும்பினார். "ஏம்மா நாலு பிள்ளை மட்டும்?"

அவர் கையைக் கட்டிக்கொண்டு நேராக நின்றார். பிறகு ஒரே மூச்சில் ஒப்பித்தார். ரூமுக்கு நாலு பேர்தான். இரும்பு கூடாது. நைலான் கூடாது. தீ வாசம் கூடாது. ஓடக்கூடாது. தூக்கிப் போடக்கூடாது. உரசக்கூடாது.

"அம்மா, குழந்தை வெடிக்காது" என்றார் ஆபீசர்.

மேனேஜர் சிரித்தார். தாய்மார் சிரித்தார்கள். எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தது நான். ஆயாம்மா ஆபீசரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆபீசர் ஒரு தாளில் எழுதினார். அடுத்த திங்கட்கிழமை பிள்ளை ரூமில் வேறு ஒரு பெண் இருந்தாள். சின்ன வயசு. நல்லாச் சிரிப்பாள். அஞ்சு பிள்ளையும் உள்ளே கிடந்தன. டயபரா, கொண்டாங்க அக்கா என்றாள். அன்றைக்கு வீட்டுக்குப் போய் ஒரு துணிகூடத் துவைக்கவில்லை. ஏழு மணிக்குச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன். காலையில்தான் எழுந்தேன். காலையில் மாட்டிய டயபரை அந்தப் பெண் சாயந்திரம்வரை மாற்றவில்லை. நாலு நாளில் பிள்ளைக்குத் தொடை இடுக்கு சிவந்தது. தேங்காய் எண்ணெய் போட்டேன். டயபரை விடவில்லை.

ஆயாம்மாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். என் கூடச் சரம் பின்னுகிறவள்தான் சொன்னாள்.

"உனக்குத் தெரியாதா? மருந்து ரூமுக்கே திருப்பிப் போட்டாக. ஆள் பத்தலையாம். இம்புட்டு ரூல் தெரிஞ்ச ஆளு அங்க இருக்கட்டும்னு மேனேஜரு சிரிச்சாராம்."

அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

சரம் பின்னுகிற கொட்டகையிலிருந்து பார்த்தால் மருந்து ரூம்கள் தெரியும். தள்ளித் தள்ளிச் சின்னச் சின்ன ரூம். அங்கே பொறி விழுந்தால் எல்லாரும் ஓடுவார்கள். வளையாத முழங்காலோடு இவர் எங்கே ஓடுவார்? அதன்பிறகு எனக்கு வேலை ஓடவில்லை. லாரிக் கதவை அடித்துச் சாத்தினாலும் கை நின்றுவிடும். எழுந்து நின்று பார்ப்பேன். பக்கத்தில் இருப்பவள், "உக்காருடி, கதவுதான்" என்பாள். அவர் அங்கே வாசல்படியில் இருந்தபோதும் என்னை வேலை பார்க்க விடவில்லை. மருந்து ரூமுக்குப் போயும் விடவில்லை.

போர்மேன் அண்ணாச்சியிடம் போனேன்.

"ஆயாம்மாவப் பழைய எடத்துக்கே போட்டுருங்க."

"வேணாம்னு சொன்னது நீதான?"

"இப்ப வேணும்னு சொல்றேன்."

"ஆபீசர் எழுதிட்டுப் போயிட்டாரு. நீ சொன்னதுக்கு ஒரு தடவை, நீ மாத்திச் சொல்றதுக்கு ஒரு தடவைன்னு எழுத முடியுமா? போ, சரத்தப் பின்னு."

அது ஆயாம்மா காதுக்குப் போய்விட்டது. சாயந்திரம் வேனுக்குப் பக்கத்தில் என்னைப் பிடித்தார். மருந்தைக் கழுவக் குளித்து, தலை ஈரமாக இருந்தது. அவர் குரலை உயர்த்தி நான் அன்றைக்குத்தான் கேட்டேன்.

"என்னைய எங்கன வைக்கணும்னு நீ யாரு சொல்ல? நீ எனக்குப் போர்மேனா?"

"முழங்கால் ஆகாதேன்னுதான் ஆயாம்மா…"

"உள்ள ஓடுற வேலையா பாக்குறேன்? ஓடாம இருக்கத்தான் பாக்குறேன்."

"நான் சொன்னது தப்புத்தான்."

"சொன்னது தப்பில்ல. எங்கிட்ட அழுதுக்கிட்டே சொன்ன. ஆபீசருகிட்டச் சிரிச்சுக்கிட்டே சொன்ன" என்றார். அப்புறம் அவர் என்னிடம் பேசவில்லை. வேனில் முன்சீட்டில் உட்கார்ந்துகொள்வார். நான் பின்னால் உட்காருவேன்.

தீபாவளிக்கு மீதி இருந்த நாள் பூராவும் நான் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். பதினெட்டு நாள், பதினேழு நாள். அந்த ரூமில் ஒன்றும் நடக்கவில்லை. மற்ற ரூம்களிலும் ஒன்றும் நடக்கவில்லை.

தீபாவளிக்கு முன்னால் கடைசி நாள். மத்தியானம் எல்லாரையும் கேட்டுப் பக்கம் கூப்பிட்டு இனிப்புப் பெட்டியும் பாத்திரமும் கொடுத்தார்கள். நான் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்றேன். மருந்து ரூம் ஆட்கள் வேலையிலிருந்து அப்படியே வந்தார்கள். கடைசியாக அவர் வந்தார். சேலை, கை, கழுத்து, புருவம் எல்லாம் சாம்பலும் வெள்ளியுமாகப் பொடி. கண் மட்டும்தான் தெரிந்தது. எனக்கே நடையை வைத்துத்தான் அடையாளம் தெரிந்தது.

பிள்ளைக்கு உடனே தெரிந்துவிட்டது. என் இடுப்பிலிருந்து எட்டி, இரண்டு கையையும் அவர் பக்கம் நீட்டினான். மூன்று மாதம் அவர் கையில் கிடந்தவன்.

அவர் கையும் பாதிவரை வந்தது. பிறகு அந்தக் கையைப் பார்த்தார். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். இரண்டடி தள்ளி நின்றார்.

"ஆயாம்மா, ஒரு தடவை வாங்குங்க. அழுறான்."

"மேலெல்லாம் மருந்து."

"தொடைச்சுக் குளிப்பாட்டிக்கிறேன். நான் பாத்துக்கிறேன்."

"குளிக்காமத் தொடமாட்டேன்."

அவன் வீறிட்டான். உடம்பை வளைத்துக்கொண்டு அவர் பக்கமே சாய்ந்தான். வரிசையே திரும்பிப் பார்த்தது. அவர் இனிப்புப் பெட்டியைக்கூட வாங்கவில்லை. வந்த வழியே திரும்பி, குளிக்கிற தொட்டிப் பக்கம் அந்தக் காலை இழுத்துக்கொண்டு நடந்தார். மூன்று மணிக்கு முதல் வேன் வந்தது. அதில் என் பெயரைச் சொல்லி ஏற்றிவிட்டார்கள். தீபாவளிக்குப் பிறகு கம்பெனி திறந்தபோது அவர் வேலைக்கு வரவில்லை.

வேன் கிளம்பும்போது தொட்டிப் பக்கம் பார்த்தேன். குனிந்து, செம்பு செம்பாகத் தண்ணியை மோந்து தலையில் ஊற்றிக்கொண்டிருந்தார். அவசர அவசரமாகத்தான் ஊற்றினார். பிள்ளை என் மடியில் கிடந்து அவருக்காக அழுதான். அப்போதும் எனக்கு ஆத்திரம்தான் வந்தது. ஒரு தடவை தூக்கியிருந்தால் என்ன?